சனிக்கிழமைக் குறிப்பு

திருப்பதி
6-9-1953

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி தியோடர் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொண்டது.

இங்கே கர்த்தரின் கிருபையால் சுகம். மாமாவின் மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது? மழைக்காலம் வருகிறது. காலையில் ஈரத்தில் நடக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஜெயசீலி எழுந்து நடமாடுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீங்கள் கூட இருந்து பார்த்துக்கொண்டது பெரிய உதவி. நீங்கள் ஊருக்குப் போன மறுநாள் தொட்டில் துணியை மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். இது மூன்றாவது தடவை.

நம் வழித்துணைத் தொண்டர் சங்கத்துக்கு இனி ஓய்வு கிடையாது, புரட்டாசி வருகிறதே. பாத்திரக் கடை திருவேங்கடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். சங்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டார். நான் சொன்னது சரியா பாருங்கள். சந்தா இல்லை, தலைவர் இல்லை, சாதி மதம் கேட்பதில்லை. கூட்டம் வருகிற நாளில் யார் வேண்டுமானாலும் ரயிலடியில் வந்து நிற்கலாம். தொலைந்துபோனவர்களை அவரவர் வீட்டோடு சேர்ப்பது ஒன்றே வேலை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதுவோம். யாரை யார் தேடுகிறார்கள், யார் கிடைத்திருக்கிறார்கள், எந்த வீட்டில் வைத்திருக்கிறோம் என்று எல்லாம் அதில் வரும். ஒரு பிரதி இங்கே ரயிலடியில் நம் கொட்டகையில் ஆணியில் தொங்கும், யாரும் எடுத்துப் படிக்கலாம். இன்னொரு பிரதி பஸ் கண்டக்டர் கையில் சித்தூர் வாசகசாலைக்குப் போகும். அங்கே எங்கள் அக்கா அதை உரக்கப் படிப்பார், கேட்க விரும்புகிறவர்கள் வந்து கேட்பார்கள் என்றேன். "பாகுந்தி" என்று மெச்சினார்.

இங்கே தொலைகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் பக்கத்துத் தமிழ் ஜனங்கள். அதனால் தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று நானே எழுதுகிறேன். விரல் காய்த்துவிட்டது. போகட்டும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
தியோடர்

*

சித்தூர்
19-9-1953

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, அக்கா ஞானசௌந்தரி எழுதுவது.

நானும் மாமாவும் சுகம். இழுப்பு குறைந்திருக்கிறது. ஜெயசீலியை வேலை செய்யாதே என்று மிரட்டாதே. வேலை செய்தால்தான் அவள் மனசு ஓயும். பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சைக்கு முன்னால் விடுப்புக் கிடைத்தால் நானே வருகிறேன்.

இங்கே ஊர் ஒரு தினுசாக இருக்கிறது. வருகிற ஒன்றாம் தேதி தெலுங்கு ஜனங்களுக்குப் புது ராஜ்யம் பிறக்கிறது, நாமெல்லாம் அதற்குள். சித்தூர் மதராசோடுதான் இருக்க வேண்டும் என்று தினமும் ஊர்வலம். எதிர்த் தெருவில் வேறு ஊர்வலம். நேற்றுவரை ஒரே கடையில் காபி குடித்தவர்கள் இப்போது கடையை மாற்றிக்கொண்டார்கள். வாசகசாலைக்குள்ளும் அது வந்துவிட்டது. வக்கீல் குமாஸ்தா உமாபதி உனக்குத் தெரியும். நல்ல மனுஷர், தொலைந்த கிழவர்களைத் தன் செலவில் ஊர்வரை கொண்டுபோய் விடுகிறவர். அவரே போன வாரம் எழுந்து, "அவங்க அனுப்புற நோட்டுல தமிழ் ரெண்டாவதா வருது, ஏன்?" என்று கேட்டார். மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, ஆள் கிடைத்தால் சரி என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நீ தமிழ்ப் பிரதியை மட்டும் நிறுத்திவிடாதே. எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும் என்பது வேறு விஷயம். கேட்கிறவர்களுக்கு அது தங்கள் பாஷையில் வந்தது என்று தெரிய வேண்டும்.

உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிற,
அக்கா

*

திருப்பதி
4-10-1953

அன்புள்ள அக்காவுக்கு, தியோடர் வணக்கம்.

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் மாமா சுகத்துக்கும் எழுதவும்.

நேற்று மூன்றாம் சனிக்கிழமை. அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. புது ராஜ்யக் கொண்டாட்டமும் சேர்ந்துகொண்டது. கொட்டகையில் ஆட்கள் போதவில்லை.

ராத்திரிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஆகிவிட்டது. இனிமேல் குறிப்பு தெலுங்கில் மட்டும். இது நம் ராஜ்யம், ஒரு பாஷை போதும் என்றார்கள் சிலர். திருவேங்கடம் அப்படிச் சொல்லவில்லை. "ஒருத்தனே ரெண்டு எழுதி எழுதிச் சாகிறான், அங்க படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க இல்ல" என்றார். எனக்காகச் சொன்னதுதான். நான் எதிர்த்துப் பேசவில்லை. உங்களுக்குத் தெலுங்கு தெரியும், நீங்கள் படித்துத் தமிழில் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கோபிக்க வேண்டாம்.

ஜெயசீலி இன்று எனக்குக் கொட்டகைக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். வெளியே வர ஆரம்பித்திருக்கிறாள்.

தம்பி,
தியோடர்

*

சித்தூர்
12-10-1953

தம்பி தியோடருக்கு,

நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் தீர்மானம் இங்கே தானாக வந்து சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை வாசகசாலையில் நிற்க இடமில்லை. தமிழ்ப் பிரதி இல்லாத குறிப்பை இங்கே யாரும் பிரிக்கக் கூடாது, படிக்கக் கூடாது, அவர்கள் பழையபடி அனுப்புகிறவரை கட்டிவைக்க வேண்டும், நாங்கள் இங்கே எழுதுகிற குறிப்பும் அதுவரை திருப்பதிக்குப் போகக் கூடாது என்று முடிவானது. உமாபதி கேட்டார், "டீச்சரம்மா, உங்க தம்பியும் கை தூக்கினாரா?" தூக்கினாயா?

நான் இந்த ஊர்ச் சங்கத்தில் ஒருத்தி. முடிவு எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கட்டுப்பட்டவள். உங்கள் ஊரில் நீ கட்டுப்பட்டது மாதிரிதான்.

அவசரமான சங்கதி ஏதாவது இருந்தால் குறிப்பில் எழுதிவிட்டுச் சும்மா இருக்காதே. எனக்குத் தனியாக ஒரு கார்டு போடு. அது சங்கத்தின் கடிதம் அல்ல, தம்பி அக்காவுக்கு எழுதுகிற கடிதம். அதை யாரும் தடுக்க முடியாது.

ஜெயசீலிக்கு என் அன்பு.

ஞானசௌந்தரி

*

திருப்பதி
20-12-1953

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து.

வெகு நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். இருவரும் சுகம். பண்டிகைக்குச் சித்தூர் வருவதாகச் சொல்லியிருந்தோம். இந்த வருஷம் முடியவில்லை. நீங்களும் இந்தக் குளிரில் புறப்பட்டு வர வேண்டாம், மாமாவுக்கு ஆகாது.

ஜெயசீலி நன்றாகச் சாப்பிடுகிறாள். தையல் மிஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். பாட்டுக்கூடப் பாடுகிறாள்.

நாங்கள் வாராவாரம் குறிப்பு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லாம் அதில் எழுதியிருக்கிறேன்.

தியோடர்

*

சித்தூர்
9-1-1954

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு, அக்கா எழுதுவது.

புது வருஷம் உங்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். மாமா போர்வையை விட்டு வெளியே வருவதில்லை, மற்றபடி சுகம். ஜெயசீலி பாடுகிறாள் என்று படித்து நான் அழுதேன். யாருக்குத் தைக்கிறாள்? தெருவில் ஆர்டர் எடுக்கிறாளா?

கோபத்தில் உனக்கு எழுதாமல் இருந்துவிட்டேன். இப்போது ஒரு பெண்ணுக்காக எழுதுகிறேன். முன்னமே எழுதியிருக்க வேண்டும்.

குடிபாலாவிலிருந்து செங்கம்மா என்று ஒருத்தி ஐப்பசியிலிருந்து வாசகசாலைக்கு வருகிறாள். கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை புருஷன் வராமல் ஊர்ப் பெண்களோடு திருப்பதி வந்தாளாம். ரயிலடியில் கூட்டம் நெருக்கியதில் இடுப்பில் இருந்த பெண் குழந்தையை இறக்கி விட்டிருக்கிறாள். அவ்வளவுதான். தொண்டை போகிறவரை கூப்பிட்டிருக்கிறாள். மலைமேல் தேடியிருக்கிறாள். உங்கள் கொட்டகை இருப்பது அப்போது அவளுக்குத் தெரியாது, போலீஸ் என்றால் பயம். பிறகு புருஷனை அழைத்துவர ஊருக்கு ஓடியிருக்கிறாள். இரண்டு பேரும் திரும்பிப் போனபோது உங்கள் கொட்டகை பூட்டியிருந்ததாம். பக்கத்தில் யாரோ, "திருப்பதிச் சேதியெல்லாம் சித்தூரில் சனிக்கிழமை படிப்பாங்க, அங்க போ" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறவில்லை. நடந்து வருகிறாள். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். சுவரோரம் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து, நாங்கள் படிக்கிற சித்தூர்க் குறிப்பைக் கடைசிவரை கேட்பாள். முடிந்ததும், "யம்மா, திருப்பதிது வரலியா?" என்பாள். வரவில்லை என்பேன். "வந்தா எம் பொண்ணு பேரு அதுல இருக்கும். இன்னா துன்னுக்கினு கீறாளோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

குழந்தை பெயர் சுலோசனா. மூன்று முடிந்து நாலு நடக்கிறது. பெயர் கேட்டால் பாப்பா என்றுதான் சொல்லுமாம். இடது கணுக்காலுக்கு மேல் கஞ்சி கொட்டிச் சுட்ட தழும்பு, வெற்றிலைக் காம்பு நீளத்துக்கு. சிவப்புப் பாவாடை.

உங்கள் குறிப்பில் இப்படி ஏதாவது இருந்ததா என்று பார்த்து எனக்குத் தனியாக எழுது. இருந்தாலும் எழுது, இல்லாவிட்டாலும் எழுது. அவளுக்கு நான் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
ஞானசௌந்தரி

*

திருப்பதி
14-2-1954

அன்புள்ள அக்காவுக்கு, தியோடர் வணக்கம்.

சுகம், சுகத்துக்கு எழுதவும். மாமாவுக்கு வெந்நீரில் ஓமம் போட்டுக் கொடுக்கிறீர்களா? இங்கே ஒருவருக்கு அதில் நன்றாகக் கேட்டிருக்கிறது. பார்சல் ஆபீசில் ஓயாத வேலை. இரண்டு குமாஸ்தா லீவு. எங்கள் தெருவுக்குக் குழாய் போடுகிறார்கள், வாசல் பூராவும் பள்ளம். மாமா இரவில் தூங்குகிறாரா?

நீங்கள் கேட்டிருந்ததை விசாரிக்கிறேன்.

அவசரமாக முடிக்கிறேன்.

தியோடர்

*

சித்தூர்
1-3-1954

தியோடருக்கு,

மாமா சுகம். நீ இரண்டு தடவை கேட்டிருந்தாய்.

செங்கம்மா இப்போது வருவதில்லை. பிப்ரவரி முதல் சனிக்கிழமை வந்தவள், அதோடு சரி. மூன்று சனிக்கிழமை அந்தச் சுவரோரம் காலியாக இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். நேற்று ஞாயிறு ஆராதனை முடிந்து வாசகசாலைக்குப் போனேன். யாரும் இல்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உங்கள் கட்டு அலமாரிமேல் இருந்தது. அக்டோபரிலிருந்து கண்டக்டர் கொண்டுவந்ததை எல்லாம் நானே கயிறு போட்டு அங்கே வைத்தேன். அவள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பாள்.

அவிழ்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது உன் கையெழுத்து. அக்டோபர் பத்தாம் தேதிக் கூட்டம். ரேணிகுண்டாவில் ரயில் பெட்டியில் பெஞ்சுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண் குழந்தை. தமிழ் பேசுகிறது. வயது நாலு இருக்கலாம். பெயர் பாப்பா என்கிறது. இடது காலில் சுட்ட தழும்பு. சிவப்புப் பாவாடை. தொண்டர் தியோடர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

தொண்டர் தியோடர் வீட்டில்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு பள்ளிக்கூட மணி அடித்தது போல இருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்று ஞாபகம் வந்தது. என் ஜனவரிக் கடிதம் உன் கைக்கு வந்தது எனக்குத் தெரியும். விசாரிக்கிறேன் என்று எழுதினாயே. யாரை விசாரித்தாய்?

குழந்தையைக் கொண்டு வா.

ஞானசௌந்தரி

*

திருப்பதி
4-3-1954

அன்புள்ள அண்ணிக்கு, ஜெயசீலி எழுதுகிறேன். அவர் எழுதமாட்டேன் என்கிறார். பேனாவை எடுக்கிறார், வைக்கிறார். அதனால் நான்.

குழந்தை சுகம். அதை முதலில் சொல்லவேண்டும்.

மூன்றாம் சனிக்கிழமைக்கு மறுநாள் ராத்திரியும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ரயில் கார்டு ஒருவர் குழந்தையைக் கொட்டகையில் விட்டுப் போயிருந்தார். யார் தூக்கினாலும் கத்திற்று. என்னைப் பார்த்ததும் கத்தவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக்கொண்டு, ஆள் வருகிறவரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சனிக்கிழமை அவர் குறிப்பு எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். "சித்தூருக்குப் போய்ச்சேர்ந்தால் அடுத்த வாரமே வந்துவிடுவார்கள்" என்றார். நான் அந்தச் சிவப்புப் பாவாடையைத் துவைத்து மடித்துத் தயாராக வைத்தேன். சத்தியமாக வைத்தேன், அண்ணி.

யாரும் வரவில்லை. அவசரமானால் தனியாக எழுது என்று உங்கள் கடிதம் வந்தது. அவர் கார்டை எடுத்தார். நான் சொன்னேன், "குறிப்பு போயிருக்கு இல்லையா, அது போதாதா?" அவர் என்னைப் பார்த்தார். கார்டைப் பெட்டியில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் சத்தம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். சாயங்காலம் ஆனதும் பாட்டு வந்துவிடும்.

ஜனவரியில் உங்கள் கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். முடித்துவிட்டு வெளியே போய் நின்றார். நான் குழந்தையின் காலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, தினமும் எண்ணெய் தேய்க்கிற கால். அவர் உள்ளே வந்து, "எழுதிடலாமா?" என்று கேட்டார். "சளி பிடிச்சிருக்கு, விட்டதும் எழுதலாம்" என்றேன். சளி விட்டது. பிறகு பல் வலிக்கிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகு நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தூங்கவைத்துவிட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சேர்த்துவைக்கிற சங்கத்துக்காரர் வீட்டில் இப்படி நடந்தது. அவர்மேல் குற்றம் எழுதாதீர்கள். நான் மூன்று தடவை வெறும் கையோடு வந்ததை அவர் பார்த்தார். அதனால் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை ரயிலில் அவர் கொண்டுவருகிறார். நான் வரவில்லை. என்னால் முடியாது. கூட அனுப்பும் பையில் அவள் துணிகள் இருக்கின்றன. இருட்டினால் பயப்படுவாள், விளக்கைக் கொஞ்சம் தாமதமாக அணைக்கச் சொல்லுங்கள். சோற்றில் ரசம் அதிகம் விட்டால் சாப்பிடமாட்டாள். தெருப் பிள்ளைகளோடு விளையாடித் தெலுங்கு நிறையப் பேசுகிறாள். அவள் அம்மா வருத்தப்பட வேண்டாம், தமிழ் திரும்பி வந்துவிடும் என்று சொல்லுங்கள்.

அவள் அம்மாவிடம் என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று தெரியவில்லை. எது சொன்னாலும் சரி.

ஜெயசீலி

*

சித்தூர்
15-3-1954

அன்பான தம்பிக்கும் ஜெயசீலிக்கும், அக்கா எழுதுவது.

ஸ்டேஷனில் நீ குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்ற திருப்பதி ரயிலில் ஏறிவிட்டாய். ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் குடிபாலா போனேன். குழந்தை வழியெல்லாம் "அம்ம எக்கட?" என்று தெலுங்கில் அம்மாவைக் கேட்டுக்கொண்டே வந்தாள். சொல்கிறேன் சொல்கிறேன் என்றேன். தகப்பன் சின்னசாமி கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். கையைத் துண்டில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். "பாப்பா, நைனாம்மா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவள் என் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் பிடித்து இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு கரும்புத் துண்டைச் சீவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அவளாக வந்து வாங்கிக்கொண்டாள்.

"செங்கம்மா எங்கே?" என்று கேட்டேன்.

"நீங்க பாக்கலியா? திரும்பி வந்து அங்கதான் கீறான்னு நெனச்சேன்" என்றார். பிறகு சொன்னார். பஸ் ஸ்டாண்டில் எவனோ, தொலைந்த பிள்ளைகளை ரயிலில் கூடூர், நெல்லூர்ப் பக்கம் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். "நோட்டு வராது, நானே போறேன்"னு கிளம்பிவிட்டாளாம். இவர் பின்னாலேயே காட்பாடிவரை, ரேணிகுண்டாவரை போய்த் தேடியிருக்கிறார். ஆளைக் காணோம். "தை கடைசி வரைக்கும் ஊட்லதான் இருந்தா. மாசி பொறந்து போனா" என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

குழந்தை யாரிடம் இருந்தது என்று கேட்டார். என் தம்பி வீட்டில் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். அன்றிலிருந்தே என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "நல்லாத்தான் வெச்சிருந்திருக்காங்க. கன்னம் வெச்சிக்கினு கீறா" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னார். அவருடைய அக்கா ரத்தினம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள்.

சனிக்கிழமை இங்கே கூட்டம். நடந்ததைக் குறிப்பில் எழுதினேன். திருப்பதிக் குறிப்பு அக்டோபரிலேயே வந்தது, பிரிக்கவில்லை, ஞானசௌந்தரி அதைக் கட்டி அலமாரிமேல் வைத்தாள் என்று எழுதினேன். உமாபதி, "இதெல்லாம் குறிப்புல வேணாம் டீச்சரம்மா, நாளைக்கு யாராச்சும் எடுத்துப் படிப்பாங்க" என்றார். படிக்கட்டும் என்றேன். எழுந்து நின்று வழக்கம்போல உரக்கப் படித்தேன். உமாபதி வெளியே போய்விட்டார். அவர் அழுதார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

செங்கம்மாவின் பெயரைத் தேடப்படுகிறவர்கள் வரிசையில் நானே எழுதினேன். இரண்டு பாஷையிலும் எழுதி அனுப்பியிருக்கிறேன். கொட்டகையில் தொங்கவிடச் சொல்.

ஞானசௌந்தரி

*

சித்தூர்
18-9-1954

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கும் ஜெயசீலிக்கும், அக்கா எழுதுவது.

உங்கள் சுகம் ஒன்றும் தெரியவில்லை. பதில் வராமலே நாலு கடிதம் போட்டுவிட்டேன். உன்னைப் பற்றி எனக்கு இப்போது சனிக்கிழமைக் குறிப்பில்தான் தெரிகிறது. தெலுங்கும் தமிழும் சேர்ந்தே வருகிறது, ஆனால் உன் கையெழுத்து இல்லை. தியோடர் கூடூர் போய்வந்தார், விவரம் இல்லை. தியோடர் நெல்லூர் போய்வந்தார், விவரம் இல்லை. காளஹஸ்தியில் டீக்கடைக்காரர் ஒருவர் அப்படி ஒருத்தி தன் குழந்தையைக் கேட்டுக்கொண்டு போனதாகச் சொன்னார், எந்தப் பக்கம் என்று தெரியாது. இதை எல்லாம் நான் உரக்கப் படிக்கிறேன். என் தம்பி என்று தெரிந்தவர்கள் என்னைப் பார்க்கமாட்டார்கள்.

மாமாவுக்கு மழை ஆரம்பித்ததும் இழுப்பும் ஆரம்பித்துவிட்டது. சித்தூர் எந்தப் பக்கம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கமிஷன் வரும், மத்தியஸ்தர் வருவார் என்கிறார்கள். வரட்டும்.

போன ஞாயிறு குடிபாலா போனேன். சுலோசனா வளர்ந்திருக்கிறாள். தமிழ் திரும்பிவிட்டது. ஜெயசீலி, நீ சொன்னது சரிதான். என்னைக் கண்டதும் ஓடிவந்து, "அம்மா வருவாங்கன்னு நைனா சொல்றாரு. எந்த அம்மா?" என்று கேட்டாள். ரத்தினம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நான் அவள் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். பிள்ளைகளுக்குப் பதில் சொல்லித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்.

திரும்பும்போது சின்னசாமி பஸ் வரைக்கும் வந்தார். "அவங்கள வரச் சொல்லுங்க. கொழந்தைய பாத்துட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். உங்களிடம் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். வருவதும் வராததும் உங்கள் மனசு.

புரட்டாசி வந்துவிட்டது. ஒரு வருஷம் கிடைக்காதவர் பெயரைக் குறிப்பிலிருந்து எடுப்பது நம் வழக்கம். செங்கம்மா பெயருக்கு அந்தக் கெடு மாசியில் வரும். உமாபதி எழுந்து, "இப்பவே சொல்லிவைக்கிறேன், அந்தப் பேரை எப்பவும் எடுக்கக் கூடாது" என்றார். தீர்மானமாக எழுதியிருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

திருப்பதி
3-10-1954

அன்புள்ள அக்காவுக்கு, தியோடர் எழுதுவது.

சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. இருக்கிறோம். மாமாவை டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. நான் எழுத உட்கார்ந்தால் ஜனவரியில் எழுதாமல் விட்டதுதான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு கார்டு. அதில் நாலு வார்த்தை எழுதியிருந்தால் அவள் அந்த வாரமே வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அதனால் குறிப்பு எழுதும் வேலையைத் திருவேங்கடத்திடம் கொடுத்துவிட்டேன். அவருடைய தமிழ் எழுத்துப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். நாற்பத்தைந்து வயதில் எனக்காகக் கற்றுக்கொள்கிறார். என் வீட்டில் நடந்ததையும் அவரைத்தான் எழுதச் சொன்னேன். எழுதும்போது, "இது வேணுமா, தியோடர்?" என்றார். வேண்டும் என்றேன்.

குடிபாலா வர எனக்குத் தைரியம் இல்லை. சின்னசாமி ஒன்றும் கேட்கமாட்டார் என்பதுதான் பயமாக இருக்கிறது. ஜெயசீலியிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "செங்கம்மா வரட்டும், அப்புறம் போகலாம்" என்றாள். "அவள் பார்க்கிறதுக்கு முன்னாலே நான் பார்க்கக் கூடாது" என்றாள்.

இந்த வருஷமும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஜெயசீலி எல்லாச் சனிக்கிழமையும் ரயிலடிக்கு வருகிறாள். கொட்டகைக்குள் உட்காருவதில்லை. பிளாட்பாரத்தில் தூணோரம் நின்று, ரயிலிலிருந்து இறங்குகிற பெண்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறாள். கடைசி ஆள் போகிறவரை நகரமாட்டாள். நேற்று மழை. நனைந்துகொண்டே நின்றாள். குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

"நீ அவளைப் பார்த்ததே இல்லையே, வந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"குழந்தை முகம் எனக்குத் தெரியுமே" என்றாள்.

தம்பி,
தியோடர்